ஆரோக்கியமானவர்கள் 120 பேர் தேவை

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் நம்முடைய அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கும். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் 0.7 முதல் 1.3, தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். 0.4 முதல் 4 என்று அதில் போட்டிருப்பார்கள். நம் எண் அதற்கு வெளியே போனால் தடித்த எழுத்தில் வரும், அல்லது ஒரு நட்சத்திரக் குறி விழும். அந்த எல்லைகளை வகுத்தது யார் என்று லேப்பில் கேட்டுப் பாருங்கள். பரிசோதனைக் கிட் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் அப்படித்தான் இருந்தது, அதையே கணினியில் ஏற்றிவிட்டோம் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் உண்மையான பதிலாக இருக்கும். அந்தத் தாளுக்காக ரத்தம் கொடுத்தவர்கள் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருந்தவர்களாக இருக்கலாம். நம் ஊர்க்காரர்களிடம் ரத்தம் எடுத்து நமக்கென்று ஒரு வரம்பு கண்டுபிடி என்பதுதான், எம்.டி. உயிர்வேதியியல் படித்தபோது எனக்குக் கிடைத்த ஆய்வேட்டுத் தலைப்பு. சீனியர்கள் பொறாமைப்பட்டார்கள். வார்டில் நோயாளிக்காகக் காத்திருக்க வேண்டாம், மாதக்கணக்கில் பின்தொடர வேண்டாம், நன்றாக இருப்பவர்களுக்கா ஊரில் பஞ்சம் என்றார்கள். பஞ்சம்தான். அதை முன்கூட்டியே சொல்ல எனக்கு யாரும் வாய்க்கவில்லை. அடுத்து இதே தலைப்பைக் கையில் வாங்கப்போகும் தம்பி தங்கைகளுக்காகவும், நட்சத்திரக் குறியைப் பார்த்துத் தூக்கம் தொலைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஆரோக்கியமானவர்களின் அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கி, கீழ்க்கோடியில் 2.5 சதவீதம், மேல்கோடியில் 2.5 சதவீதம் என்று கழித்துவிட்டு, நடுவில் மிஞ்சும் 95 சதவீதத்தை வரம்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆக, எந்தக் குறையும் இல்லாத 100 பேரில் 5 பேர் வெளியே நிற்பது இந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றிலாவது நட்சத்திரம் விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. முழு உடல் பரிசோதனை என்று அறுபது எழுபது அளவுகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு, எல்லாம் சுத்தமாக வரவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு, லேப்களுக்குத் தரநெறிகள் வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. குறைந்தது 120 பேர். அவர்களை அடுக்கினால் கீழிருந்து மூன்றாவது ஆளின் அளவு கீழெல்லை, 118ஆவது ஆளின் அளவு மேலெல்லை. படிக்கும்போது எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 120 என்பது ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. கிரியேட்டினினில் ஆணும் பெண்ணும் ஒரே வரம்புக்குள் வரமாட்டார்கள். கல்லீரலுக்குப் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி.யிலும் அப்படித்தான். எனவே 120 என்பது ஒரு நொடியில் 240 ஆகிவிடும். வயது வாரியாகவும் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று வழிகாட்டிப் பேராசிரியர் ஆசைப்பட்டால் 480. இதில் தகுதி இல்லையென்று கழிபவர்களையும் சேர்த்தால், கூப்பிட வேண்டிய தலைகள் இன்னும் பல மடங்கு. ஆய்வுத் திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன்பே இந்தப் பெருக்கலைப் போட்டுவிடுங்கள். கல்லூரி கிட் வாங்கித் தரும் என்ற வாய்மொழி உறுதியை நம்பவும் வேண்டாம். கிட், டியூப், காலைச் சிற்றுண்டி, வந்துபோகிறவர்களுக்குப் பஸ் காசு, படிவம் அச்சடித்தது, புள்ளியியல் ஆலோசனை என்று உதவித்தொகையிலிருந்து 90,000 ரூபாய்க்கு மேல் என் கையிலிருந்து போனது. அப்பாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு நகைக்கடன் வைத்த மாதமும் உண்டு.

ஆட்களுக்கு வருவோம். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் மருத்துவ மாணவர்கள். எல்லோருக்கும் இருபது வயது. அவர்களை வைத்து வரம்பு போட்டு ஐம்பது வயதுக்காரருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ரத்ததானம் செய்பவர்கள் நல்ல தேர்வு என்று பலரும் சொல்வார்கள். அடிக்கடி கொடுப்பவர்களுக்கு இரும்புச்சத்து இருப்பு குறைந்திருக்கும். நோயாளிகளுடன் தங்கியிருக்கும் உறவினர்கள் மனிதாபிமானத்தில் கையை நீட்டிவிடுவார்கள், ஆனால் நாள்கணக்காகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. இரவுப் பணியில் இருக்கும் ஊழியர்களுக்கு டி.எஸ்.எச்.சின் நாள்வட்டமே மாறிப்போயிருக்கும். கடைசியில் விடியற்காலை மைதானத்தில் நடக்கிறவர்களைப் பிடிக்கலாம் என்று துண்டறிக்கையுடன் போனேன். சுறுசுறுப்பாக வியர்வை வழிய நடக்கிறார்கள், இதைவிட ஆரோக்கியம் எங்கே கிடைக்கும்? நின்று பேசியவர்களில் பாதிப் பேருக்குமேல் சர்க்கரை, இல்லையென்றால் பிரஷர். மருத்துவர் நடக்கச் சொன்னதால்தான் நடக்கிறார்கள். நன்றாக இருப்பவர்கள் அந்நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

வேலை நடக்கும் இடத்துக்கே போவதுதான் கைகொடுத்தது. ஜவுளிக்கடை, தையல் கூடம், காய்கறிச் சந்தை, பள்ளி ஆசிரியர்கள், போக்குவரத்துப் பணிமனை. முதலாளியிடமோ மேற்பார்வையாளரிடமோ முதலில் பேசி அனுமதி வாங்கலாம், ஆனால் ஒப்புதல் கேட்கும்போது அவர் பக்கத்தில் நிற்கக்கூடாது. முதலாளி சொன்னதற்காகக் கையை நீட்டுபவர் கொடுப்பது ஒப்புதல் ஆகாது. நெறிமுறைக் குழுவும் அதைத்தான் முதலில் கேட்கும்.

நான் தயாராக இல்லாத இடம் ஒன்று இருந்தது. நோய் எதுவும் இல்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 200ஐத் தாண்டி நின்றது. மறுபடி எடுத்தேன், மாறவில்லை. என் ஆய்வைப் பொறுத்தவரை அவர் கழிக்கப்பட்ட ஒரு எண், அவ்வளவுதான். ஆனால் அவரிடம் சொல்ல வேண்டுமே. கடை வாசலில் வைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்லபடியாக இருக்கிறேன் என்றுதானே அம்மா உங்களிடம் வந்தேன், என்னையே நோயாளி ஆக்கிவிட்டீர்களே" என்றார். அன்றைக்கு லேப்புக்குத் திரும்பி வேலை ஓடவில்லை. அவர் ஒருவரோடு அது நிற்கவும் இல்லை. தைராய்டு, கிரியேட்டினின், ரத்தச்சோகை என்று தெரியாமல் சுமந்துகொண்டிருந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆகவே ஒப்புதல் படிவத்திலேயே, ஏதாவது குறை தெரிந்தால் சொல்லலாமா, யாரிடம் சொல்லலாம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொது மருத்துவப் பிரிவில் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, நாம் அனுப்புபவர்களை வரிசையில் நிற்கவைக்காமல் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். சொல்லும்போது கையோடு சீட்டும் கொடுத்து அனுப்ப முடிந்தால் நமக்கும் அவருக்கும் பாரம் குறையும்.

யார் ஆரோக்கியமானவர் என்ற கேள்வியில்தான் இந்த வேலையின் முக்கால்வாசி இருக்கிறது. கருவி நன்றாகத்தான் ஓடும், புள்ளியியலும் சொன்னபடி கேட்கும். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எண் உருவாகிவிடுகிறது. ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. தெருவில் போகும் 120 பெண்களிடம் எடுத்து அடுக்கினால் கீழெல்லை எங்கோ பள்ளத்தில் போய் விழும். அதை நம் ஊர் நார்மல் என்று அச்சடித்துக் கொடுத்தால், சோகையோடு வருகிற பெண்ணுக்கு ஒன்றுமில்லை போ என்று சொன்னதாகிவிடும். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோட்டை நம் ஊர்க் கூட்டத்தைப் பார்த்துக் கீழே இறக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்த்து இரும்புச்சத்து குறைந்தவர்களைக் கழித்துவிட்டுப் போடலாம்; அந்தச் செலவு என்னால் முடியவில்லை, ஹீமோகுளோபினை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் இந்த 95 சதவீதக் கணக்கில் வராதவை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 6.5 என்பவை எந்த அளவுக்கு மேல் கண்ணின் விழித்திரை பாதிக்கத் தொடங்குகிறது என்று பார்த்து வைத்த கோடுகள். ஊரில் பாதிப் பேருக்கு 130 இருந்தாலும் 130 நல்லது ஆகிவிடாது. தலைப்பில் இவற்றைச் சேர்க்கச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

எஸ்.ஜி.பி.டி.யில் இந்தப் பிரச்சினை இன்னும் நுணுக்கம். இத்தாலியில் 2002இல் வெளியான ஆய்வொன்றில், கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்க வாய்ப்புள்ளவர்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தபோது மேலெல்லை ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று வந்தது. அதுவரை 40 வரை போகலாம் என்று விட்டுவைத்திருந்த அளவு அது. பழைய கூட்டத்தில் கொழுப்புக் கல்லீரல்காரர்களும் ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உடல்நிறைக் குறியீடு 23க்கு மேல் உள்ளவர்களைக் கழிக்கலாம் என்று ஆரம்பித்தேன், ஆசியர்களுக்கு அதுதான் அதிக எடையின் தொடக்கம். பட்டியல் கரைந்த வேகத்தைப் பார்த்து வயிற்றைக் கலக்கியது. பேராசிரியருடன் பெரிய வாக்குவாதமே நடந்தது. 25 வரை தளர்த்தலாம் என்றார், எண்ணிக்கை நிறையவேண்டுமே என்பது அவர் கவலை. கடைசியில் இரண்டுக்கும் தனித்தனியாக வரம்பு போட்டு ஆய்வேட்டில் அடுத்தடுத்து வைத்தேன். கடுமையாகக் கழித்த பட்டியலில் மேலெல்லை இறங்கித்தான் இருந்தது. எந்த அளவுகோலால் கழித்தீர்கள் என்பதை முதல் ஆளிடம் ரத்தம் எடுப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். எண்களைப் பார்த்தபிறகு வைக்கும் அளவுகோலை யாரும் நம்பமாட்டார்கள்.

கேள்வித்தாள் பற்றி ஒரு வார்த்தை. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். முடி கொட்டுகிறதென்று சாப்பிடும் மாத்திரை யாருக்கும் மாத்திரைக் கணக்கில் வராது. அதில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். சில கருவிகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பையன்கள் கிரியேட்டின் மாவு சாப்பிடுவார்கள், அது கிரியேட்டினினை ஏற்றும். கருத்தடை மாத்திரை, மூட்டு வலிக்கு வாங்கும் லேகியம், எடை குறைக்கும் பொடி எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். என்னுடன் வந்த மூத்த டெக்னீஷியன் அக்கா ஒரு வழி சொல்லித் தந்தார்: "மாத்திரையைப் பற்றிக் கேட்காதே, மருந்துக்கடையில் கடைசியாக என்ன வாங்கினீர்கள் என்று கேள்." அதற்குப் பிறகுதான் உண்மை வர ஆரம்பித்தது.

ரத்தம் எடுக்கும் நாள் வேறு கதை. காலை ஏழு முதல் ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். டி.எஸ்.எச். இரவில் ஏறிப் பகலில் இறங்கும். ஒருவருக்குக் காலையிலும் ஒருவருக்கு மதியத்திலும் எடுத்தால் சேர்த்து அடுக்க முடியாது. வந்தவுடன் குத்தாமல் கால்மணி நேரம் உட்கார வைக்க வேண்டும், நின்றுகொண்டே இருந்தவர்களுக்குப் புரத அளவு கூடித் தெரியும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும். இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாதது நம் ஊர்ச் சாலை. ஜவுளிக்கடையில் எடுத்த டியூப்களை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக் கொண்டுவந்த நாளில், சுழற்றி எடுத்துப் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் பல டியூப்களில் ரோஸ்மில்க் போல இருந்தது. வேகத்தடைகளில் குலுங்கிச் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. அணுவுக்குள் இருந்த பொட்டாசியமும் நொதிகளும் வெளியே கலந்துவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பட்டினியோடு வந்து ரத்தம் கொடுத்தவர்களின் சாம்பிளைச் சாக்கடையில் ஊற்றியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பிறகு சிறிய சென்ட்ரிஃபியூஜை வாடகை ஆட்டோவில் கூடவே தூக்கிப் போய், ரத்தம் உறைந்ததும் அங்கேயே சுழற்றிச் சீரத்தைப் பிரித்துக் கொண்டுவந்தோம். செலவுதான், ஆனால் ஒரு சாம்பிளும் அதற்குப் பின் வீணாகவில்லை.

எல்லாச் சாம்பிளையும் உறையவைத்துவிட்டு, மொத்தமாக ஒரே கிட் தொகுப்பில் ஓட்டலாம் என்று தோன்றும். டி.எஸ்.எச்.சுக்கு அது சரிப்படும், தொகுப்பு எண் மாறும்போது அளவு ஆடுகிற தொல்லையும் போகும். எஸ்.ஜி.பி.டி. அப்படியல்ல. சாதாரண மைனஸ் 20 டிகிரி ஃபிரீசரில் வைத்தால் அதன் வீரியம் போய்விடும், மைனஸ் 70 வேண்டும். இதையும் அந்த அக்காதான் தடுத்துச் சொன்னார், அதனால் எஸ்.ஜி.பி.டி.யையும் கிரியேட்டினினையும் அன்றன்றைக்கே ஓட்டினேன். மின்தடை நேரத்தில் ஃபிரீசர் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் நேரில் போய்க் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். துறை அலுவலகத்தில் கேட்டால் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

கணக்குப் போட்ட நாளில் ஒன்று புரிந்தது. ஆண்களின் கிரியேட்டினினை அடுக்கியபோது மேலெல்லையில் வந்து நின்றவர் சந்தையில் மூட்டை தூக்குபவர். எனக்கு அவரை நன்றாக நினைவிருக்கிறது, பட்டையைக் கட்டவே கை கொள்ளவில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது; அவருடைய சிறுநீரகத்தில் எந்தக் குறையும் இல்லை. அவர் அன்றைக்கு லாரி வந்துவிட்டதென்று வராமல் போயிருந்தால், எங்கள் ஊர் ஆண்களின் மேலெல்லை வேறு எண்ணாக இருந்திருக்கும். 120 பேரை வைத்துப் போடும் எல்லைக்கு 90 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எல்லை இருக்கக்கூடிய பரப்பு, கீழே முதல் ஆளிலிருந்து ஏழாவது ஆள் வரை, மேலே 114இலிருந்து 120 வரை விரிகிறது. அறிக்கையில் தசமப் புள்ளியோடு கறாராக நிற்கும் அந்த எண் உண்மையில் அவ்வளவு அகலமானது. வரம்பைப் புள்ளி ஒன்று தாண்டிவிட்டதென்று மருத்துவர் மருத்துவராக அலைபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: அதே லேப்பில் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள், உங்களுடைய பழைய அறிக்கைகளோடு ஒப்பிடுங்கள். ஒருவரின் கிரியேட்டினின் பல வருடங்களாக 0.7இல் நின்றுவிட்டு 1.2க்கு ஏறினால் நட்சத்திரம் விழாது, ஆனால் அதுதான் கவனிக்க வேண்டிய மாற்றம். பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "இருபது பேரை வைத்துச் சரிபார்த்திருந்தால் போதாதா?" கிட் தாளில் உள்ள வரம்பு நம் ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, தகுதியான 20 பேரிடம் எடுத்து, இரண்டு பேருக்கு மேல் வெளியே போகாமல் இருந்தால் அந்த வரம்பையே வைத்துக்கொள்ளலாம். மூன்று அல்லது அதற்கு மேல் போனால் இன்னொரு 20 பேர். அப்போதும் தேறாவிட்டால்தான் சொந்தமாக 120. அதே சி.எல்.எஸ்.ஐ. வழிகாட்டியில் இருக்கும் ஏற்பாடுதான். கையில் ஏற்கெனவே இருக்கும் ஆயிரக்கணக்கான லேப் முடிவுகளிலிருந்து நோயாளிகளைக் கணக்கால் பிரித்தெடுக்கும் மறைமுக வழியும் உண்டு. அதற்குப் பலரும் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று 1967இல் சி.ஜி. பட்டாச்சார்யா வெளியிட்டது, மீன்களின் நீளத்தை வைத்து வயதுக் கூட்டங்களாகப் பிரிக்க மீன்வளத் துறையில் இன்றும் அதையே கையாள்கிறார்கள். தேர்வாளரிடம் ஏதோ பதில் சொல்லித் தேறிவிட்டேன். ஆனால் தலைப்பு கொடுக்கப்பட்ட அன்றே யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரே ஒரு பரிசோதனையை எடுத்துக்கொண்டு, முதலில் 20 பேரோடு ஆரம்பித்திருப்பேன். சிறிய லேப் வைத்திருப்பவர்கள் 120 பக்கமே போகவேண்டாம். கருவியையோ கிட்டையோ மாற்றும்போது 20 பேரைப் பார்த்துவிட்டு, அந்த முடிவுகளைக் கோப்பில் வையுங்கள். தரச்சான்றுக்கு வருகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள்.

கடைசியாக, ரத்தம் கொடுத்தவர்களுக்கு அறிக்கையை ஒரு வாரத்துக்குள் கையில் கொடுத்துவிடுங்கள், அதுவும் அவரவர் பெயர் எழுதிய உறையில் மூடி. தையல் கூடத்துக்குத் தாமதமாகக் கொண்டுபோனபோது பதில் சொல்லி மாளவில்லை. ஒருவருடைய தாளை இன்னொருவர் பார்த்து ஊரெல்லாம் பேச்சாகிவிட்ட இடமும் உண்டு. சரியான நாளில் உறையோடு போன இடங்களில், அக்கா, என் கொழுந்தனுக்கும் எடுப்பீர்களா என்று அவர்களே ஆள் சேர்த்துக் கொடுத்தார்கள். என் பட்டியல் நிறைந்தது பெரும்பாலும் அப்படித்தான்.